பிண்ணாக்குப் பொறி

கிடங்குக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, கடலைப் பிண்ணாக்கு மூட்டைகளில் ரகசியமாக எதையோ கலந்துகொண்டிருந்தார் கோழிப்பண்ணைக்காரர்.

"ஐயையோ, விஷமா?" ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த மனைவி பதறினாள்.

"கத்தாதே! பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. இதைத் தின்னா கோழி சாகாது. ஆனா கொஞ்ச நாள்ல மஞ்சக்கரு பச்சையாயிடும். நம்ம மூட்டையைத் திருடித் திருடி ருசி கண்டவன் மறுபடியும் வருவான்ல? எவன் முட்டை பச்சையா உடையுதோ, அவன்தான் திருடன்!"

திருடன் யாரென்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரன்தான். இவர் கோழிகள் தீவனமில்லாமல் மெலியும்போது அவன் கோழிகள் மட்டும் எப்படிக் கொழுக்கும்? இப்படியே போனால் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான். ஏதோ, தீவனக்கடை வைத்திருக்கும் மச்சான் புண்ணியத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"நான் எதுக்கு மாமா இருக்கேன்?" என்று ஒவ்வொரு திருட்டுக்குப் பிறகும் அவன்தான் குறைந்த விலைக்கு மூட்டை இறக்குவான். "என் தம்பி மாதிரி வருமா?" என்று மனைவிக்குப் பெருமை பிடிபடாது.

நினைத்தபடியே மூட்டைகள் களவு போயின. பண்ணைக்காரர் முதல்முறையாகச் சிரித்தார். மச்சானும் வழக்கம்போல மூட்டைகளோடு வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

அப்புறம் தினமும் பக்கத்துப் பண்ணைக்குப் போய் முட்டை வாங்கினார்.

"உங்ககிட்ட இல்லாத முட்டையாண்ணே?"

"உன் முட்டை ருசியே தனிப்பா" என்று வழிந்துவிட்டு, வீட்டுக்கு ஓடிவந்து உடைத்துப் பார்ப்பார். அத்தனையும் பளிச்சென்று மஞ்சள். அவருக்கு எரிச்சலாக வந்தது.

ஒருநாள் காலை சமையலறையிலிருந்து மனைவி அலறினாள். "ஏங்க, ஓடி வாங்க! கரு பச்சை!"

கிண்ணத்தில் பாசி நிறத்தில் மிதந்தது கரு. "மாட்டினான் பய! போலீசுக்குப் போன் போடு!" என்று குதித்தார்.

"அவசரப்படாதீங்க. இது அவர் பண்ணை முட்டை இல்ல. நம்ம முட்டை."

"அதெப்படி? அந்தப் புண்ணாக்குல ஒரு பிடிகூட நம்ம கோழிக்கு நான் போடலையே!"

அவர் சொன்னது உண்மைதான். களவு போன நாளிலிருந்து அவர் கோழிகள் தின்றதெல்லாம், அருமை மச்சான் குறைந்த விலைக்கு இறக்கிய பிண்ணாக்கு மட்டும்தான்.