புகைக்குள் ஒரு சோதனை

1928இல் செந்தூல் மரஆலையின் கொதிகலன் வெடித்தபோது, அங்கப்பனை உள்ளேயே விட்டுவிட்டு எல்லாரும் ஓடிவந்துவிட்டார்கள்; அவன் அங்கேயே செத்துப்போனான். அடுத்த ஆண்டு புதுக் கொதிகலன் வந்தது. மணி அடித்தால் யார் நீராவியை அடைப்பது, யார் நெருப்பை வெளியே இழுப்பது, யார் அடிபட்டவனைத் தூக்குவது என்று மேஸ்திரி நாகையா ஆட்களைப் பழக்கினார். சோதனையில் தேறியவனுக்குத்தான் இனிக் கொதிகலன் கொட்டகையில் வேலை என்றும் சொல்லிவிட்டார்.

சோதனை நாளன்று, அடிபட்டவனைப் போலப் படுத்துக்கொள்ளும்படி தம்புசாமியை உள்ளே அனுப்பினார். ஈர மரத்தூளைக் கொளுத்திக் கொட்டகை நிறையப் புகை போட்டார்கள். பிறகு நாகையா மணி அடித்தார்.

ஒருவன்கூட ஓடவில்லை. நீராவி அடைபட்டது. நெருப்பு வெளியே வந்தது. இருவர் புகைக்குள் புகுந்து, கிடந்த ஆளின் மேல் ஈரச்சாக்கைப் போர்த்திப் பலகையில் சுமந்து வந்தார்கள். நாகையாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

அப்போது அவருக்குப் பின்னால் தம்புசாமி இருமிக்கொண்டே வந்து நின்றான்.

"கோவிச்சுக்காதீங்க மேஸ்திரி. புகை தாங்கல. மணி அடிக்கறதுக்கு முந்தியே பின்கதவு வழியா வந்துட்டேன்."

சுமந்து வந்தவர்கள் பலகையை இறக்கவில்லை. பாரத்தில் பலகை நடுவில் வளைந்திருந்தது.

"மேஸ்திரி," என்றான் தலைமாட்டில் நின்றவன். "இந்தாளு என் கையப் புடிச்சிருக்கான். விடமாட்டேங்கறான்."

நாகையா சாக்கை விலக்கிப் பார்க்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பலகையருகே குனிந்தார்.

"வெளிய கொண்டாந்துட்டோம், அங்கப்பா," என்றார். "கைய விடு."

ஈரச்சாக்கு பலகையின் மேல் மெல்ல மெல்லத் தட்டையாகப் படிந்தது.