பேஸ்மேக்கர் கேட்ட கவிதை

மனைவி வசுமதியைக் கண்டாலே நெஞ்சு படபடப்பதாகத் திருமண நாள்தோறும் கவிதை வாசிப்பது கவிஞர் செவ்வேளின் வழக்கம். இவ்வருடம் அந்த நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் இருந்தது. அது ஈசிஜி அலையைப் படித்து, துடிப்பு தடுமாறினால் தானே சீராக்கிவிட்டு, கைபேசியில் உரக்கச் சொல்லும்.

செவ்வேள் உருகி உருகி வாசித்தார். காலையில் வேறொரு கவிஞருக்கு விருது என்றதும் ஊரைக் கூட்டிய கைபேசி, இப்போது வாயே திறக்கவில்லை. பேட்டரி தீர்ந்ததோ என்று மார்பைத் தட்டிப் பார்த்தார்.

“மெஷினுக்கு ரசனை கிடையாது,” என்று சமாளித்தார்.

“உங்க நெஞ்சு அதுக்குத் தெரியுமே,” என்று சிரித்தபடி எழுந்த வசுமதி, ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள்.

“துடிப்பு தடுமாறுகிறது! சீராக்குகிறேன்!” என்று கைபேசி அலறியது. செவ்வேள் கவிதையை வீசிவிட்டு அவளிடம் ஓடினார்.

வசுமதி இடுப்பைத் தேய்த்தபடி கைபேசியைக் காட்டிச் சொன்னாள்: “இத்தனை வருஷம் நீங்க வாசிச்சதுலயே இதுதாங்க நல்லா இருந்துச்சு.”