விண்ணப்பதாரர் பெயர்

2024 ஜூலை 9, பெங்களூரு ஆடுகோடி. தியோடர் பதிவுசெய்த ஃபைபர் இணைய இணைப்பைப் பொருத்த, அவர் இறந்த பத்தாம் நாள் கம்பெனி ஆள் நாகேஷ் வருகிறார். வீடியோ காலில் பேத்தியின் முகம் உறைந்து நிற்கக் கூடாதென்று, மூன்று கம்பெனி நோட்டீஸ்களில் ஒன்றைத் தியோடர் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். சுவரைத் துளைத்த தூள் அவருடைய நாற்காலியில் வெள்ளையாகப் படிகிறது. "சாரைக் கூப்பிடுங்கம்மா, கனெக்‌ஷன் ஆன் பண்ண அவர போட்டோ எடுக்கணும்," என்கிறார் நாகேஷ். "தவறிட்டாருப்பா," என்கிறார் மனைவி ஜோசஃபின். நாகேஷ் டிரில்லைக் கீழே வைக்கிறார். "அய்யோ... உங்க பேருக்கு மாத்திடலாம்மா, ரெண்டே நிமிஷம்." "வேணாம்பா. எதிர் வீடு, மேல் வீடுன்னு ஒருத்தர விடாம விசாரிச்சு அவர் எடுத்தது. அவர் பேர்லயே இருக்கட்டும்." "ஆள் முகம் இல்லாம ஆன் ஆகாதும்மா." ஜோசஃபின் முந்தானையால் நாற்காலியைத் துடைத்து, அதில் உட்கார்கிறார். நாகேஷ் பெயரை மாற்றாமலே அவரைப் படம் எடுக்கிறார். பதினொன்றே முக்காலுக்கு ரவுட்டரில் பச்சை விளக்கு எரிகிறது.