அது மாட்டு வண்டி, மிஸ்!

"காக்கா, மிஸ்!"

படத்தில் இருந்தது கோழி. சொன்னது நோயாளி செல்லசாமி இல்லை, அவர் மனைவி பேச்சியம்மா.

"அம்மா, நீங்க சொல்லக்கூடாது. ஐயாதான் சொல்லணும்" என்றாள் றொசானா.

பேச்சுப் பயிற்சி தருகிற றொசானா நுவரெலியாவில் கணினி முன்னால் இருந்தாள். டயகம தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், பிளாஸ்க்கில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் அவர்கள் இருவரும்.

பக்கவாதம் வந்து மூன்று மாதம். கை கால் தேறிவிட்டது, பேச்சுதான் திரும்பவில்லை. பஸ் மாறி மாறி வர முடியாது என்பதால் வீடியோ அழைப்பிலேயே சோதனை. படத்தைக் காட்டினால் அவர் பெயர் சொல்ல வேண்டும்.

முதல் நாலு படத்துக்கும் செல்லசாமியின் உதடு துடித்ததோடு சரி. தலையைக் குனிந்துகொண்டார். ஐந்தாவதுதான் கோழி.

றொசானா அடுத்ததாகக் குடையைக் காட்டினாள்.

"வெளக்கமாறு!" என்றார் பேச்சியம்மா.

றொசானாவுக்கு எரிச்சல் வந்தது. புருஷனைப் பேச விடுவதும் இல்லை, சொல்வதும் தப்பு!

"அம்மா, கொஞ்சம் வெளிய இருங்களேன்."

"இல்ல மிஸ், நான் சும்மாதான் இருக்கேன்."

செல்லசாமி நிமிர்ந்து மனைவியை முறைத்தார்.

அடுத்த படம் லொறி.

"இது எனக்கு நல்லாத் தெரியும். மாட்டு வண்டி, மிஸ்!"

முப்பது வருஷம் கொழுந்து லொறி ஓட்டியவர் செல்லசாமி. அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"லொ... லொ... லொறி! லொறிடி, கூமுட்ட!"

தன் குரலைக் கேட்டுத் தானே திகைத்துப்போனார். பிறகு, கோணிய வாய் கொள்ளாமல் சிரித்தார். றொசானா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

அதன்பின் பேச்சியம்மா பூனையை ஆடு என்றார். "பூ... பூனை!" சீப்பை அரிவாள் என்றார். "சீப்பு! ஐயோ சாமி!" என்று தலையில் அடித்துக்கொண்டார் செல்லசாமி.

இப்படிப் பிறர் தூண்டி வந்த சொற்களுக்குச் சோதனையில் புள்ளி கிடையாது. ஆனால் றொசானா குறிப்பில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'சொற்கள் உள்ளே இருக்கின்றன. உடனே பயிற்சி தொடங்கலாம்.'

முடிக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "அம்மா, உங்க கண்ணையும் ஒருக்கா காட்டணுமே. கிளினிக்குக்குக் கடிதம் தரட்டா?"

பேச்சியம்மா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல மிஸ். பதில் வரலையேன்னு தலையக் குனிஞ்சாரு பாருங்க, அதப் பாக்க முடியல. என்னத் திருத்துறதுன்னா மட்டும், எமனே வந்து நின்னாலும் எந்திரிச்சு ஒக்காந்து திருத்திட்டுத்தான் போவாரு!"