ஒட்டி நின்ற இரண்டு

பல செல்கள் ஒன்றாகக் கலந்து ஒரு தசை இழை உருவாகும்போது, அவற்றின் உட்கருக்கள் முதலில் நடுவில் கூட்டம் போடும். பிறகு சம இடைவெளி விட்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். ஆய்வகத்தில் இதையே பார்த்துக்கொண்டிருக்கும் சுகந்திக்கு இது தெரியும். பக்கத்து நாற்காலிக்காரன் பொன்னரசுக்கும் தெரியும். தெரிந்தும் அவன், நுண்ணோக்கியின் திரையில் நீலப் பொட்டுகளாக ஒட்டி நின்ற இரண்டு உட்கருக்களைக் காட்டிப் பந்தயம் கட்டினான்.

"இது ரெண்டும் பிரிஞ்சுட்டா, இனிமே நம்ம கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டேன். பிரியலைன்னா நீங்க சரின்னு சொல்லணும்."

"தோக்கறதுக்குன்னே பந்தயம் கட்டுற ஆளை இப்பத்தான் சார் பார்க்கிறேன்" என்று சுகந்தி சிரித்தாள்.

மதியச் சாப்பாடு வரைக்கும் இரண்டும் அசையவில்லை. அதற்குப் பிறகு இடப்பக்கத்துப் பொட்டு லேசாக நீண்டு, மெல்ல நகரத் தொடங்கியது. பொன்னரசு தன் நாற்காலியை அரையடி தள்ளிப் போட்டுக்கொண்டான்.

நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் யாரையும் தும்மக்கூட விடாத சுகந்தி, கை நீட்டி அதன் விளக்கை அணைத்தாள். திரை இருண்டது.

"ஐயோ, என்னங்க பண்றீங்க? பதிவு நின்னுடுச்சே, உங்க ஒரு மாச உழைப்பு!"

"நான் பார்த்த வரைக்கும் ஒட்டித்தான் இருந்துச்சு" என்றாள் அவள், இருண்ட திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நாற்காலியை ஏன் அவ்வளவு தூரத்துல போட்டிருக்கீங்க?"