மாடி பாத்ரூம் சாவி

"ஏழு பேருக்கு ஒரே பாத்ரூம். மாடியில இருக்கிறதைப் பூட்டி, சாவியைப் பையில போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு உன் புருஷன்," என்றாள் அண்ணி, நாத்தனாரிடம்.

சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் தலை நிமிரவில்லை. "குழாய் ரிப்பேர்."

"ஒரு மாசமா இதே பேச்சு. எங்க அண்ணன் குடும்பத்தோட வந்தும் குழாய்க்கு உடம்பு சரியாகல," என்றாள் அவர் மனைவி.

அண்ணன் சிரித்தார். அவர் பிளம்பர். "சாவியைக் குடுங்க மாப்பிள்ளை. என் கைக்கு அடங்காத குழாய் இன்னும் பொறக்கல."

"வேண்டாம் மச்சான். விருந்தாளியா வந்த இடத்துல வேலை செய்யறதா?"

"நாம குளிச்சா தண்ணி குறைஞ்சிடும்னு பயப்படறாரு," என்றாள் அண்ணி.

அதற்கு மேல் மறுக்க வழியில்லை. தையல்காரர் மச்சானை மட்டும் மாடிக்குக் கூட்டிப்போய், உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தினார்.

தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, சுவரில் வெள்ளையாக ஒரு நுரை உருண்டை.

"என்னது, சோப்பு நுரையா?"

"மெதுவாப் பேசுங்க. மரத்தவளை முட்டை. இது ரெண்டாவது ஈடு."

தொட்டிக்குள் முதல் ஈட்டுத் தலைப்பிரட்டைகள் வாலாட்டிக்கொண்டிருந்தன. குழாய் மேல் மெலிந்த தவளை ஒன்று, வீட்டுக்காரியைப் போல இருவரையும் ஏற இறங்கப் பார்த்தது.

"பின்னாடி இருந்த குட்டையை மூடிட்டாங்க மச்சான். இதுங்க எங்க போகும்? ஜன்னல் வழியா இங்க வந்திடுச்சு. கால் முளைச்சா அதுங்களே மரத்துக்குப் போயிடும். உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சா வெந்நீரோட வந்து நிப்பா."

பிளம்பர் தொட்டியில் குனிந்தவர் ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"இந்தப் பயலுக்குக் கால் வந்திடுச்சு, பாருங்க," என்றார் கிசுகிசுப்பாக.

கீழே எல்லாரும் துண்டோடு காத்திருந்தார்கள்.

"சரி பண்ணிட்டியா அண்ணே?"

பிளம்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முடியல. எனக்குப் பிடிபடாத குழாயா இருக்கு."

அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊரெல்லாம் அவ்வளவு பெருமை பேசுவீங்க. ஒரு குழாய் உங்களை ஜெயிச்சிடுச்சா?"

"ஜெயிச்சிடுச்சு. ஒரு மாசத்துக்கு யாரும் அந்தக் கதவைத் திறக்காதீங்க, தொட்டாலே உடைஞ்சிடும்," என்ற பிளம்பர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கீழ் பாத்ரூம் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார்.