எந்த முத்தம்?

"இதைப் படிங்க," என்று பவர் அக்கா தன் கைப்பேசியையே வாடிக்கையாளரின் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

கண்ணுக்குப் பவர் பார்த்துச் சொல்வது அக்காவின் வேலை. கிட்டத்து எழுத்தைப் படிக்க வைப்பதற்கென்றே மூக்குக் கண்ணாடிக் கடையில் ஓர் அட்டை உண்டு. அது மேசைமேல் சும்மா கிடந்தது.

சோதனைக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்த பெரியவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "மழை வலுத்தது. இருவரும் முத்தத்தில் நனைந்தார்கள். முற்றும்."

"எந்த முத்தம்?"

பெரியவர் இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். "எழுத்து தெளிவாத்தாம்மா இருக்கு. விஷயம்தான் மங்கலா இருக்கு."

காலையிலிருந்து இவர் ஆறாவது ஆள். மூன்று பேர் உதட்டு முத்தம் என்றார்கள். ஒருவர் வீட்டு முற்றம் என்றார். இன்னொருவர், சொல்வது தப்பாகிவிட்டால் பவர் ஏறிவிடுமோ என்று பயந்து பதிலே சொல்லவில்லை.

எல்லாம் ஒரு தொடர்கதையால் வந்த வினை.

ஒன்றேமுக்கால் வருடமாக, புதன்கிழமைதோறும் இணையத்தில் வந்த கதை. கல்லூரியின் கடைசி வருடத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கிய இரண்டு பையன்கள். ஒருவன்மேல் ஒருவனுக்குக் கொள்ளை ஆசை. சொல்லத்தான் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

ஒருவன் சோப்பு வாங்கப் போகிறேன் என்பான். உடனே மற்றவன் எனக்கும் சோப்பு தீர்ந்துவிட்டது என்பான். தொண்ணூறு அத்தியாயத்தில் இருபத்தாறு சோப்பு வாங்கிவிட்டார்கள்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா அதைக் கடைக்கே கேட்கும்படி படிப்பார். நடுநடுவே "சொல்லித் தொலைங்கடா" என்று கைப்பேசியைத் திட்டுவார். தான் பெற்ற இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தபோதுகூட அவர் இப்படிப் பதறியதில்லை.

போன புதனன்று கதை முடிந்துவிட்டது. முடிந்தது அந்த வரியில்.

முத்தம் என்றால் சரி. ஆனால் பேச்சில் முற்றத்தையும் முத்தம் என்றுதானே சொல்கிறோம். முற்றத்தில்தான் நனைந்தார்கள் என்றால், ஒன்றேமுக்கால் வருடம் கட்டிக் காத்த பிள்ளைகள் வெறும் ஜலதோஷத்தோடு பிரிந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

எழுதியவருக்கு 'ஈரச்சட்டை' என்று புனைபெயர். இருநூறு பேர் கீழே கேட்டாகிவிட்டது. மனிதர் மூன்று நாளாக வாயே திறக்கவில்லை.

முற்றக் கட்சிக்குத் தலைவர், இந்தக் கதையெல்லாம் தன் காதிலேயே விழுவதில்லை என்று சாதிக்கும் முதலாளி. கதையை எழுதுகிற ஆள் காற்றைக் காத்து என்கிறார், நேற்றை நேத்து என்கிறார், முற்றம் மட்டும் ஒழுங்காக வந்துவிடுமா என்பது அவர் வாதம்.

கடைசியில் முற்றும் என்று சுத்தமாக எழுதியிருக்கிறாரே என்று அக்கா மடக்கினார்.

அது இணையதளமே தானாகப் போடுவது என்று முதலாளி ஒரே போடாகப் போட்டார். காதில் விழாத கதையில் அவருக்கு இவ்வளவு ஆராய்ச்சி.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. சிரிக்காதீர்கள், அவருக்கு உண்மையிலேயே துக்கம்தான். அந்த இரண்டு அசடுகளும் ஒரே ஒரு தடவையாவது சந்தோஷமாக இருந்தார்களா என்று தெரியாமல் மூன்று நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து லென்ஸ் தம்பி வந்தார்.

ஒன்பது வருடமாக இங்கே லென்ஸ் வெட்டுகிறவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, ஒண்டிக்கட்டை. கேட்டால் ஒரு 'உம்', கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. தொடரை அவர் படிப்பதில்லை. அக்கா படிக்கிறபோது மிஷினை நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவார், அவ்வளவுதான்.

துடைத்த கண்ணாடி ஒன்றை மேசையில் வைத்தார். போகாமல் நின்றார்.

"முத்தம்தான்க்கா. அந்த வீட்ல முற்றமே கிடையாது. மொட்டைமாடிதான்."

முற்றம் என்பதை மட்டும், யாரும் குழம்பிவிடக் கூடாது என்பதுபோல், வாத்தியார் மாதிரி அழுத்திச் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா போட்ட சத்தத்தில் பெரியவரின் சோதனைக் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. தொண்ணூறு அத்தியாயத்தில் மொட்டைமாடி என்று ஓர் இடத்திலும் வரவில்லையே என்று முதலாளி முணுமுணுத்தார். தோற்ற கட்சியின் பேச்சை யார் கேட்பது?

அக்கா கைப்பேசியை எடுத்தார். இருநூறு பேருக்கும் தெரியட்டும் என்று, கதைக்குக் கீழே கட்டைவிரல் பறக்கத் தட்டினார். 'முத்தம்தான்! எங்கள் கடையில் லென்ஸ் வெட்டும் தம்பி சொல்லிவிட்டார். அந்த வீட்டில் முற்றமே கிடையாதாம். மொட்டைமாடிதானாம்.'

போட்டுவிட்டு, பெரியவர் பக்கம் திரும்பி, மூக்கில் கண்ணாடியைச் சரியாக மாட்டிவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கைப்பேசி டிங் என்றது.

மூன்று நாளாக வாய் திறக்காத ஈரச்சட்டை பதில் போட்டிருந்தார். ஒரே வரி.

'அவன் எங்க இருக்கான்?'